கைமுதலைக் கரைக்கும் பளபளப்பு

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை, சென்னையில் ஏதாவதோர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நின்று பாருங்கள். பானெட்டில் பூசிய சந்தனமும் குங்குமமும் விபூதிப் பட்டையும் காய்ந்து இறுகியிருக்கும். அதை நகத்தால் சுரண்டி, மிச்சத்தை வறண்ட துணியால் அழுத்தித் தேய்ப்பார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது, தேய்த்த இடத்தில் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். கார் மங்கிவிட்டது என்று தோன்றும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘ரப்பிங் பாலிஷ்’ போடக் கொண்டுபோவார்கள். கண்ணாடி போலத் திரும்பி வரும். ஓராண்டு கழித்து மறுபடியும் இதே கதை.

இந்தச் சுழலில் நானும் இருந்தவன்தான். என் முதல் கார் கருநீலம். ஆண்டுதோறும் பண்டிகைக்கு முன் மெஷின் பாலிஷ் போட்டுவிடுவேன். வண்டியை நன்றாக வைத்திருக்கிறேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது. ஆறாம் ஆண்டில் பானெட்டின் விளிம்பு மடிப்பில் வெளுத்த கோடு ஒன்று தெரிந்தது. தேய்த்தால் போகவில்லை, தேய்க்கத் தேய்க்க அகன்றது. பெயின்டர் விரலால் தடவிப் பார்த்தார். “சார், மேல இருந்த கிளியரே போயிடுச்சு. இனிமே பாலிஷ் போட அங்க ஒண்ணும் இல்ல” என்றார். பராமரிப்பு என்று நம்பி நான் செய்ததே அதைத் தின்றிருந்தது.

கடையில் இன்று வாக்ஸ், கிளேஸ், சீலன்ட், காம்பவுண்ட், செராமிக், கிராஃபீன் என்று வரிசை வரிசையாகப் புட்டிகள் நிற்கின்றன. எது நல்ல பிராண்ட் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பொருள் என் பெயின்ட்டை என்ன செய்கிறது? பெயின்ட் பராமரிப்பு என்ற வழக்கத்தின் நிறையும் குறையும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கின்றன.

முடியிழையை விட மெல்லிய காவல்

இன்றைய காரின் தகட்டில் வரிசையாக நான்கு அடுக்குகள் இருக்கும். துருவைத் தடுக்க மின்முறையில் படியவைத்த பூச்சு முதலில், அதன்மேல் பிரைமர், அடுத்து நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 40, 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். அதைவிட மெல்லிய இந்தப் படலத்துக்குள்தான் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்களும் கலந்திருக்கின்றன. பளபளப்பு, நிறத்தின் ஆழம், வெயிலிலிருந்து காப்பு எல்லாமே இதன் கையில். தொழிற்சாலை ஒரு முறை கொடுத்தனுப்பும் கைமுதல் இது. மறு பெயின்ட் அடிக்காமல் இது திரும்பி வராது.

ரப்பிங் போடும் பழக்கம் அம்பாசடர், பத்மினி காலத்திலிருந்து வந்தது. அந்த வண்டிகளில் பெரும்பாலும் நிறமும் மேற்பூச்சும் ஒன்றே. வெயிலில் மேல்பரப்பு செத்துச் சுண்ணாம்பு போல வெளுக்கும். ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தால் செத்த பகுதி போய், கீழேயுள்ள உயிருள்ள நிறம் வெளிவரும். தேய்த்த துணியில் காரின் நிறம் ஒட்டியிருப்பதைப் பார்த்தே வேலைக்காரர் எவ்வளவு எடுத்தோம் என்று கணித்துக்கொள்வார். அன்று அந்த முறைக்கு நியாயம் இருந்தது.

பெயின்ட் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. கிளியர் கோட்டுக்கு நிறமில்லை. அதைத் தேய்த்து எடுத்தால் துணியில் சாயம் ஏறாது. இழப்பைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சியும் போய்விட்டது. அதனால்தான் ஆண்டுக்கொரு பாலிஷ் என்பது செலவாகத் தெரியாமல் சேமிப்பாகத் தெரிகிறது.

எடுப்பவை, மறைப்பவை, காப்பவை

எத்தனை புட்டிகள் இருந்தாலும் அவை செய்யும் வேலை மூன்றுதான். சில பெயின்ட்டிலிருந்து எடுக்கின்றன. சில குறையை மறைக்கின்றன. சில மேலே படிந்து காக்கின்றன. கடைப்பேச்சில் மூன்றுக்கும் ‘பாலிஷ்’ என்றே பெயர். வாங்குபவர் ஏமாறும் இடம் இந்தப் பெயர்க் குழப்பம்தான்.

காம்பவுண்டும் உண்மையான பாலிஷும் எடுக்கும் வகை. இரண்டிலும் நுண்ணிய உராய்பொருள் இருக்கிறது. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை இவை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் ஆழம் வரை சீவிச் சமன் செய்கின்றன. கடுமையான காம்பவுண்ட் ஒருமுறை ஓடினால் சில மைக்ரான் போய்விடும். விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு மெல்லியது. மெஷினின் அழுத்தமோ அங்கேதான் குவியும். என் காரில் வெளுத்த கோடு விளிம்பில் தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

இதற்காக இந்த வகையை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. வட்டக் கீறலையும் உப்புநீர் அரித்த தழும்பையும் மெய்யாகவே போக்குவது இது ஒன்றுதான். பத்தாண்டு வெயில் பார்த்த வண்டி, திறமையான கையில் ஒரே நாளில் இளமைக்குத் திரும்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நிபந்தனைகள் மூன்று. பெயின்ட் கேஜ் வைத்து இருக்கும் தடிமனை முதலில் அளக்க வேண்டும். ஓர் உள்ளங்கை அகல இடத்தில் இருப்பதிலேயே மென்மையான பாலிஷைச் சோதித்து, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆழமான கீறலை முழுக்க அழிக்கும் வெறி கூடாது, மங்கலாக்கினால் போதும். கிளியர் கோட் தோல் உரிவது போல உரியத் தொடங்கிவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது. அங்கே பெயின்டிங் மட்டுமே வழி.

மறைப்பவை இரண்டாம் வகை. கிளேஸும் எண்ணெய் மிகுந்த மலிவுப் பாலிஷ்களும் கீறலின் பள்ளத்தில் தங்கி ஒளிச் சிதறலைக் குறைக்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் வண்டி மின்னுவதன் சூட்சுமம் இதே. இரண்டு மூன்று வாட்டர் சர்வீஸில் எண்ணெய் போய்விடும். கீறல் பழையபடி நிற்கும். ஒரு கல்யாணத்துக்கோ, வண்டியைப் படம் எடுப்பதற்கோ கிளேஸ் போடுவதில் தவறில்லை. பெயின்ட்டை அது குறைப்பதில்லை என்பதும் அதன் நன்மை. மறைத்ததைச் சரிசெய்ததாகச் சொல்லிப் பணம் வாங்குவதுதான் தவறு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் பாலிஷ் போட்டு வண்டியை எடுப்பவர்களும், தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து ஓரிடத்தைத் துடைத்துப் பார்க்கலாம். எண்ணெய் விலகியதும் உண்மை தெரிந்துவிடும்.

காப்பவை மூன்றாம் வகை. இவற்றில் மூத்தது கார்னௌபா வாக்ஸ், வடகிழக்குப் பிரேசிலின் ஒரு பனையினத்தின் இலையிலிருந்து எடுப்பது. அடர்நிறத்துக்கு அது தரும் ஈரமான ஆழம் தனி அழகு. ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் சில வாரம் தாங்கினாலே அதிகம். செயற்கைப் பாலிமர் சீலன்ட் சில மாதம் நிற்கும். அழகில் ஒரு படி குறைவு, உழைப்பில் ஒரு படி மேல். வீட்டில் தாமே செய்துகொள்பவர்களுக்கு இதுவே சிக்கனமான, தவறு நேர்ந்தாலும் கெடுதல் குறைந்த தேர்வு.

‘டெஃப்லான் கோட்டிங்’ என்ற சொல்லையும் இங்கே உரசிப் பார்க்க வேண்டும். டெஃப்லான் என்னும் பி.டி.எஃப்.இ. உருகுவது சுமார் 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க அதற்கும் மேலான சூட்டில் சுடுகிறார்கள். கார் பானெட்டை அப்படிச் சுட வழியில்லை. ஆகவே, அந்தப் பெயரில் காரில் தடவுவது தோசைக்கல்லில் உள்ள பூச்சாக ஆக முடியாது. நல்ல சீலன்ட் ஒன்று தரும் பயனைத் தாண்டி அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

செராமிக்: மெய்யும் மிகையும்

இன்று புதுக் கார் வாங்கும்போதே செராமிக் கோட்டிங் பேச்சு வந்துவிடுகிறது. சிலிக்கா சார்ந்த இந்தத் திரவம் பெயின்ட்மேல் பற்றிக் கடினமான, மிக மெல்லிய படலமாக இறுகுகிறது. இதன் நிறைகள் உண்மையானவை. தண்ணீர் உருண்டு ஓடும். அழுக்கு எளிதில் பற்றாது. கழுவும்போது தேய்ப்பு குறையும். காக்கை எச்சமும் பூச்சிக் கறையும் பெயின்ட்டை அரிக்கும் முன் துடைத்தெடுக்கச் சற்று அவகாசம் கிடைக்கும். சரியாகப் போட்டால் ஆண்டுக் கணக்கில் உழைக்கும்.

மிகை தொடங்குவது ‘9 எச் கடினம், கீறலே விழாது’ என்ற வாசகத்தில். கனிமங்களை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் 10 வைரம். 9 மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தக்கல். 9 எச் என்றதும் கேட்பவர் மனம் அங்கே போய்விடுகிறது. விளம்பரத்தின் 9 எச் பென்சில் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைப் பூச்சின்மேல் அழுத்தி நகர்த்தி, எது வரை கீறல் விழவில்லை என்று பார்ப்பார்கள். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். தெருப் புழுதியில் இருப்பதோ குவார்ட்ஸ் மணல். மோஸ் அளவில் அதன் கடினம் 7. பென்சிலை வென்ற பூச்சு மணலையும் வெல்லும் என்பதற்கு அந்தச் சோதனை உறுதி தரவில்லை. புழுதித் துணியால் தேய்த்தால் செராமிக் போட்ட வண்டியிலும் கீறல் விழும்.

இன்னும் இரண்டு குறைகளைக் கடையில் பெரும்பாலும் சொல்வதில்லை. உருண்டு நிற்கும் நீர்த்துளி ஓடாமல் வெயிலில் காய்ந்தால், அதிலுள்ள உப்பு முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்து வெள்ளைத் தழும்பாகும். போர்வெல் தண்ணீர் புழங்கும் ஊர்களில் இது பெரிய தொல்லை. மற்றொன்று, கோட்டிங் போடும் முன் மேற்பரப்பை மெஷின் பாலிஷால் தயார் செய்வார்கள். கீறல் உள்ள வண்டிக்கு அது தேவை. இல்லாவிட்டால் கீறலின் மேலேயே பூச்சு இறுகிவிடும். கீறலே இல்லாத புது வண்டிக்கும் கடுமையான காம்பவுண்ட் ஓட்டினால், காப்பதற்காகவே கைமுதலைக் கரைத்த கதைதான். புது வண்டிக்காரர் கேட்க வேண்டியது, “எத்தனை ஆண்டு வாரன்டி?” என்பதோடு, “கோட்டிங்குக்கு முன் என்ன காம்பவுண்ட் போடுவீர்கள்?” என்பதும்தான்.

கல் தெறிப்பதுதான் கவலை என்றால் அதற்குச் செராமிக் மருந்தாகாது. பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் ஃபிலிம் சுமார் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் கொண்டது. அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். நல்ல தரத்தில் சிறு கீறல் சூட்டில் தானே மறையும். விலை அதிகம். மட்டமான ஃபிலிம் மஞ்சளிக்கும். மறு பெயின்ட் அடித்த இடத்தில் உரிக்கும்போது பெயின்ட்டையும் இழுத்து வரலாம். நெடுஞ்சாலையில் நிறைய ஓடும் வண்டிக்கு பானெட், முன் பம்பர், பக்கக் கண்ணாடியின் மூடி ஆகியவற்றில் மட்டும் ஒட்டுவது அளவான முடிவு.

தண்ணீரும் துணியும்

கீறல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்தப் பொருள்கள் எல்லாமே இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். காலையில் வண்டி துடைக்க வரும் அண்ணனிடம் இருப்பது ஒரு வாளி, ஒரு துணி. இருபது வண்டியின் புழுதி அதே வாளியில் கரைந்து, அதே துணியில் ஏறி, இருபத்தோராவது வண்டியில் உரசுகிறது. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு வாளித் தண்ணீருக்கும் சில நிமிடத்துக்கும் மேல் நாம் அவருக்குத் தருவதில்லை.

முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை இறக்க வேண்டும். ஷாம்பு நுரைக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் துலக்கும் திரவமும் மேலே பூசிய வாக்ஸைக் கழற்றிவிடும்; நடுநிலை பி.எச். கொண்ட கார் ஷாம்புதான் நல்லது. ஓரத் தையல் உரசாத தடித்த மைக்ரோஃபைபர் போதும். கீழே விழுந்த துணியை மறுபடி பெயின்ட்டில் வைக்கக் கூடாது.

சில வீடுகளில் ஆர்.ஓ. கழிவுநீரைச் சேமித்துக் கார் கழுவுகிறார்கள். சிக்கன எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்த நீரில்தான். வண்டியில் திட்டுத் திட்டாகப் படியும். அதைக் கழிப்பறைக்கு வைத்துக்கொண்டு, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைக் காருக்கு எடுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் அந்த நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. கடைசி அலசலுக்கு அரை வாளி போதும். பூஜைச் சந்தனத்தையும் அதே நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்தால் தேய்க்காமலே வழிந்துவிடும்.

என் தீர்ப்பு இதுதான். பெயின்ட் பராமரிப்பு பயனுள்ள வழக்கம். அதன் வரிசைதான் நம்மிடம் தலைகீழாகக் கிடக்கிறது. கழுவும் முறைக்கு முதல் இடம், காக்கும் பூச்சுக்கு இரண்டாம் இடம், எடுக்கும் காம்பவுண்டுக்குக் கடைசி இடம். காம்பவுண்ட் ஒரு வண்டியின் ஆயுளில் ஓரிரு முறை போதும். அதுவும் அளந்து பார்த்த பிறகு. வீட்டில் சீலன்ட் தடவ நேரமுள்ளவருக்குச் செராமிக் கட்டாயமில்லை. போட்டுக்கொள்பவர் அதைக் கவசம் என்று நம்பாமல், கழுவுவதை எளிதாக்கும் வசதி என்று கொள்ளட்டும்.

அடுத்த கோட்டிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, உங்கள் வண்டி துடைக்கும் அண்ணனுக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு வாளியும் வாங்கிக் கொடுங்கள். சம்பளத்தைச் சற்றே கூட்டி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். மற்ற நாளில் வறண்ட துணியால் துடைக்கவே வேண்டாம். வெறும் புழுதியோடு சில நாள் நிற்பதால் வண்டிக்குப் பெரிய கெடுதல் இல்லை.