'ஜாக்கி இழுத்துட்டான்': தோற்ற குதிரையைப் பற்றிய சொல்லாடல்கள்

1

'இன்னாடா பண்றது, ஜாக்கி இழுத்துட்டான்.'

கிண்டி ரேஸிலிருந்து திரும்பிய இரவுகளில் என் மாமா சொல்லும் வாசகம் இது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குரல் எப்போதுமே கொஞ்சம் உரக்க இருக்கும். இந்த ஒரு வாசகத்தை மட்டும் அவர் தணிந்த குரலில் சொல்வார். திருத்தணியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி, வாரக் கூலியில் பாதியைக் கட்டிவிட்டுத் திரும்புகிறவருக்கு அது ஒரு ஆறுதல். எல்லாரும் பணம் கட்டிய குதிரை, ஜெயித்தே தீரும் என்று ரேஸ் புக் அடித்துச் சொன்ன குதிரை, கடைசி வளைவில் பின்தங்கிவிட்டது. ஏன்?

இந்தக் 'ஏன்'தான் இக்கட்டுரையின் பொருள். குதிரை ஏன் தோற்றது என்பதைவிட, தோற்றதற்கு நாம் சொல்லும் காரணங்கள் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். ரேஸைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதலில் 'ஃபேவரிட்' என்றால் யார்? நல்ல குதிரை என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரைக்கே அந்தப் பெயர். டோட் முறையில் எல்லாருடைய பணமும் ஒரே குவியலாகச் சேர்கிறது. கிளப்பும் அரசும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம், ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அதிகம் பேர் கட்டிய குதிரை ஜெயித்தால் ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். ஆக, ஃபேவரிட் என்பது குதிரையின் உடம்பில் இருக்கும் குணம் இல்லை. கூட்டத்தின் நம்பிக்கை எண்ணாக மாறிப் பலகையில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

உலகம் முழுக்கப் பந்தயங்களில் ஃபேவரிட் ஜெயிப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை. அதாவது மூன்றில் இரண்டு முறை தோற்கிறது. தோல்விதான் வழக்கம். ஆனால் ஒவ்வொரு தோல்வியும் விதிவிலக்கு போல, விளக்கம் தேவைப்படும் அதிசயம் போலப் பேசப்படுகிறது. விளக்கம் கிடைத்துவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் பணம் கட்டலாம். தோல்விக்கான காரணம் என்னும் இந்தப் புனைவுதான் ரேஸை ஓட வைக்கும் தீவனம்.

1919-இல் அமெரிக்காவில் சாரடோகா மைதானத்தில் 'மேன் ஓ' வார்' என்ற குதிரை தோற்றது. வாழ்நாளில் ஓடிய 21 பந்தயங்களில் அது தோற்றது அந்த ஒன்றில் மட்டும். அதைத் தோற்கடித்த குதிரையின் பெயர் 'அப்செட்'. எதிர்பாராத தோல்விக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்ததே இந்தக் குதிரையால்தான் என்று ஒரு கதை உண்டு. உண்மையில் சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. தோல்விக்கு ஒரு மூலக் கதை வேண்டியிருக்கிறது, உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

3

விளக்கங்களில் முதல் வகை, உடலைக் குற்றவாளியாக்குவது.

உடலுக்கு எல்லை உண்டு, அதை மறுக்க முடியாது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையால் நினைத்தபோது மூச்சு விட முடியாது. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலோடு மூச்சு கட்டப்பட்டிருக்கிறது. முழு வேகத்தில் ஓடிய பந்தயக் குதிரைகளின் மூச்சுக் குழாயைக் கருவி விட்டுப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் இரத்தக் கசிவு தெரிகிறது. 1600 மீட்டரில் பறக்கிற குதிரை 2400 மீட்டரில் கடைசி நானூறில் காலியாகிவிடும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஜெயித்த குதிரையின் நுரையீரலிலும் இரத்தம் கசிந்திருக்கக்கூடும். அதைப் பார்க்கிற அவசரம் யாருக்கும் இல்லை. தோற்ற உடல்தான் சோதனைக்கு உட்படும் உடல்.

1956-இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ராஜமாதாவின் குதிரை 'டெவன் லாக்' எல்லாத் தடைகளையும் தாண்டிவிட்டது. கோட்டுக்கு ஐம்பது கஜம்கூட இருக்காது. திடீரென்று வயிறு தரையில் படச் சரிந்தது. பின்னால் வந்த குதிரை ஜெயித்தது. தசைப்பிடிப்பு என்றார்கள், பக்கத்துத் தண்ணீர்த் தடையின் நிழலைப் பார்த்துத் தாண்டப் போனது என்றார்கள். ஜாக்கி டிக் ஃபிரான்சிஸ் வேறொன்றைச் சொன்னார்: அரச குடும்பத்துக் குதிரை ஜெயிக்கப்போகிறது என்று கூட்டம் எழுப்பிய ஆரவாரமே அதை மிரள வைத்தது. நம்பிக்கை வைத்தவர்களின் சத்தத்திலேயே குதிரை விழுந்தது என்கிற இந்த விளக்கத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. அந்த ஜாக்கி பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்கள் எழுதினார். விடை தெரியாத ஒரு தோல்வியைச் சந்தித்தவர், கடைசிப் பக்கத்தில் விடை கிடைக்கும் கதைகளாக எழுதித் தள்ளியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

இரண்டாவது வகை, மாமாவுடையது. ஜாக்கி இழுத்துட்டான். ஒருவன் விலைபோய்விட்டான், அதனால் தோற்றோம்.

ஜாக்கிகள் விலைபோனதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமுமா? இந்த விளக்கம் மாமாவின் கணிப்பைக் காப்பாற்றிவிடுகிறது. என் கணக்கு சரி, குதிரையும் சரி, நடுவில் ஒருத்தன் துரோகம் செய்தான். டோட் எவ்வளவு எடுத்துக்கொண்டது, மூன்றில் இரண்டு என்கிற விகிதம் என்ன என்பதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இது நம்முடைய விளக்கமும்தான். கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்திய போராட்டங்களைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பாதிக் கூலிக்கு ஒத்துக்கொண்டு தறி ஓட ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் கேட்ட பேச்சு ஒன்றுதான்: தலைவர் வாங்கிட்டார். நூல் விலையை யார் தீர்மானிக்கிறார்கள், பாவும் ஊடையும் யாரிடமிருந்து வருகின்றன, தறி நின்ற நாட்களில் அரிசிக்குக் கடன் கொடுத்தவர் யார் என்ற கேள்விகள் துரோகி கிடைத்தவுடன் அடங்கிவிடும். இயக்க இதழ்களில் நாம் எழுதும் தோல்வி விமர்சனங்களில் எத்தனை 'ஜாக்கி இழுத்துட்டான்' வகை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

5

மூன்றாவது விளக்கம் எடை.

ஹேண்டிகேப் பந்தயங்களில் நல்ல குதிரைக்கு அதிக எடை. சேணத்தோடு ஈயத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். கோட்பாட்டளவில் எல்லாக் குதிரைகளும் ஒன்றாகக் கோட்டைத் தொட வேண்டும். ஆஸ்திரேலியாவின் 'ஃபார் லாப்' 1930-இல் சுமார் 62.5 கிலோ சுமந்து மெல்போர்ன் கோப்பையை ஜெயித்தது. அடுத்த ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள். அப்போதும் அதுதான் ஃபேவரிட். எட்டாவதாக வந்தது. ஜெயித்த குதிரை அதைவிட இருபது கிலோவுக்கும் மேல் குறைவாகச் சுமந்திருந்தது. 1932-இல் ஃபார் லாப் இறந்தபோது இதயத்தைத் தனியே எடுத்துவைத்தார்கள், எடை 6.2 கிலோ. இதயம் கான்பெராவில், தோல் மெல்போர்னில், எலும்புக்கூடு நியூசிலாந்தில். முதுகில் ஏற்றிய எடை பதிவேட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் அதிசயத்தை உடலுக்குள்தான் தேடினார்கள்.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்களுக்குப் பிடித்த உருவகம் ஓட்டப்பந்தயம். எல்லாரும் ஒரே கோட்டில் நில்லுங்கள், முந்துகிறவன் எடுத்துக்கொள்ளட்டும், இட ஒதுக்கீடு எதற்கு? இவர்கள் ஒரு தடவை ரேஸ் புக்கைப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு எதிரிலும் அது சுமக்கும் எடை அச்சிடப்பட்டிருக்கிறது. ஏறக்குறையச் சம எடையில் ஓடும் டெர்பியில்கூடப் பெண் குதிரைக்குச் சலுகை உண்டு. ஓட்டம் என்பது உடலும் சுமையும் சேர்ந்தது என்று சீமான்களின் விளையாட்டே ஒப்புக்கொள்கிறது. நம் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பத்தியே கிடையாது.

உடனே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஹேண்டிகேப் நீதிக்காக வந்த ஏற்பாடு இல்லை. யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரிந்துவிட்டால் பணம் கட்ட ஆள் வராது, அதற்காக வந்த ஏற்பாடு. அங்கே எடை ஏறுவது வலுத்தவன் முதுகில். இங்கே அப்படியா? கிண்டியில் சுமார் 160 ஏக்கரை 1946-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த ரேஸ் கிளப்புக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். குதிரைக்கு ஈயம், கிளப்புக்கு இறகு. 1974-இல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி, பணம் கட்டுகிறவரின் அறிவு, எல்லாம் திறமை. அப்படியென்றால் மாமா இழந்ததெல்லாம் அதிர்ஷ்டமின்மையால் இல்லை, திறமைக் குறைவால். தோல்வியின் பொறுப்பை அந்தச் சொல் தோற்றவன் தோளிலேயே ஏற்றிவிட்டது. 2024 செப்டம்பரில் வாடகை பாக்கியைக் காரணம் காட்டி அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. செய்தியைப் படித்துக் காட்டியபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, '614 ரூபாயா?' என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவர் ஜாக்கியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

6

என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தின் ஃபேவரிட் நான்தான். 'நம்ம வூட்டு குதிரைடா இவன்' என்பார் மாமா. தமிழில் எம்.ஏ. முடித்தேன். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் சில மதிப்பெண்களில் போயிற்று. வீட்டில் விளக்கங்கள் தயாராக இருந்தன. அம்மாவுக்குக் கண்ணேறு. மாமாவுக்குக் கடைசி வளைவில் நான் தளர்ந்துவிட்டேன். எனக்கு, கேள்வித்தாள் தயாரித்தவர்களின் அரசியல். நானும் ஒரு ஜாக்கியைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

என் அக்கா பத்தாவதோடு நின்றவள். நான் படிக்கட்டும் என்று தார் சுற்ற உட்கார்த்தினார்கள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய மதிப்பெண்களை நான் எட்டியதே இல்லை. மூன்றாவது முறை முடிவு வந்த அன்று எல்லாரும் என் தோல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ராட்டையை நிறுத்தாமல் சொன்னாள்: 'நீயாவது ஓடித் தோத்த.'

என்மேல் ஏற்றிய எடை அவள் படிப்பு என்றுதான் அதுவரை சுயபச்சாதாபத்தோடு நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் குதிரையின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் கதைதான். ரேஸ் புக்கில் பெயரே ஏறாத குதிரைக்குத் தோல்விகூட இல்லை. ஃபேவரிட் ஏன் தோற்றது என்ற ஓயாத பேச்சு செய்யும் மிகப் பெரிய வேலை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: ஓடவிடப்படாதவர்களை அது கேள்விக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

7

நரி பரியாகி, பரி மறுபடி நரியான திருவிளையாடல் நமக்குத் தெரியும். குதிரைக்குக் கொடுத்த பணம் எங்கே என்று பாண்டியன் கேட்டதிலிருந்துதான் அந்தக் கதையே வளர்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, லீலைக்கு வேலையில்லாத ஒரு குறிப்பைத் தருகிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல்வழியே குதிரைகள் வாங்கப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின, இங்கே அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை வேண்டுமென்றே இங்கு வரவிடுவதில்லை, குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் என்கிறார்.

குதிரை ஏன் விழுந்தது என்று எழுநூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விழுந்ததால் யாருக்கு எவ்வளவு, ஓடவே விடாததால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை எழுத ஆரம்பிக்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தி எங்கள் வீட்டிலேயே தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.