பத்துக்கு ஒன்று: தோற்றவர்கள் கொண்டாடிய ஆட்டம்

பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றுப்போன ஓர் அணி, ஆட்டம் முடிந்த கையோடு மதுச்சாலையில் கூடிக் கிண்ணங்களை உயர்த்திக் கொண்டாடுமானால், அதைப் பார்த்து மகிழ்வதா, முகம் சுளிப்பதா என்ற சந்தேகம் எந்த விளையாட்டு ரஸிகனுக்கும் எழக்கூடியதே. 1998-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரின் ஏழாவது பருவத்தில் நான்காவது அத்தியாயமாக அமைந்த ‘டேக் மீ அவுட் டு த ஹோலோசூட்’ இந்தச் சந்தேகத்தைத்தான் நேயர்கள் முன் வைத்தது, நேயர்களும் இரு கட்சிகளாகப் பிரிந்தே அதற்கு விடை சொல்லி வருகிறார்கள். நெடுங்கதையின் நடுவே கிடைத்த மிக இனிமையான ஒரு மணி நேரம் என்று அதைப் போற்றுகிறவர்கள் ஒரு கட்சி; தாண்டிச் சென்றாலும் கதைக்கு நஷ்டமில்லாத வெறும் கேளிக்கை என்று அதைத் தள்ளுகிறவர்கள் மறு கட்சி.

அந்த அத்தியாயம் எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தது என்பதை அறிந்தாலொழிய இந்த அபிப்பிராய பேதம் விளங்காது. அப்போது தொடர் முழுவதையும் டொமினியன் யுத்தம் என்னும் மகா யுத்தம் ஆக்கிரமித்துக் கொண்டிருந்தது. முந்திய பருவத்தின் இறுதியில் முக்கிய பாத்திரங்களில் ஒருத்தியான ஜாட்ஸியா டாக்ஸ் கொல்லப்பட்டாள். விண்வெளி நிலையத்தின் தலைவரான பெஞ்சமின் சிஸ்கோ மனமுடைந்து, பூமிக்குத் திரும்பித் தம் தந்தையின் உணவகத்தில் ஒடுங்கிக் கிடந்தார். புதிய பருவத்தின் முதல் மூன்று அத்தியாயங்களும் அந்தத் துக்கத்தை ஆற்றுவதிலேயே கழிந்தன. யுத்தம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆவலோடு காத்திருந்த நேயர்களுக்கு நான்காம் வாரம் கிடைத்தது ஒரு பேஸ்பால் ஆட்டம். அதன் முதல் ஒளிபரப்பு நாளாகக் குறிக்கப்படும் அக்டோபர் 21 அன்றுதான் நியூயார்க் யாங்கீஸ் அணி, ஸான் டியேகோ பாட்ரஸை நான்காவது ஆட்டத்திலும் வீழ்த்தி உலகத் தொடர்ப் பட்டத்தைக் கைப்பற்றியது. மார்க் மக்வயர் ஒரே பருவத்தில் 70 ‘ஹோம் ரன்’ அடித்து அமெரிக்காவைப் பைத்தியமாக்கியிருந்த ஆண்டும் அதுவே.

கிரிக்கெட் பழகிய நம் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் மட்டையடிப்பவன் மூன்று தளங்களையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். ஒன்பது இன்னிங்ஸ் ஆடியும் ஓர் அணி மூன்று நான்கு ரன்களோடு நின்றுவிடுவது அங்கே சர்வ சாதாரணம். ஆகவே, பத்துக்கு ஒன்று என்பது கௌரவமான தோல்வியன்று, படுதோல்வி.

கதை எளிமையானது. வல்கன் என்னும் வேற்றுக்கிரக இனத்தவர் மட்டுமே பணிபுரியும் கப்பல் ஒன்றின் தலைவரான ஸோலோக், சிஸ்கோவின் பழைய பகைவர். பயிற்சிக் கல்லூரி நாட்களில், மதுமயக்கத்தில் இருந்த சிஸ்கோ அவரை மல்யுத்தத்துக்கு அழைத்து, தம்மைவிடப் பன்மடங்கு பலம் வாய்ந்த வல்கனிடம் கணப்பொழுதில் தோற்றுப்போனதை, உணர்ச்சிவசப்படும் மனித இனத்தின் தாழ்வுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டு, ஸோலோக் ஆராய்ச்சிக் கட்டுரைகளாகவே எழுதித் தள்ளியிருக்கிறார். அவர் இப்போது ஓர் அணியையே தயார் செய்து வந்து, சிஸ்கோ உயிராக நேசிக்கும் பேஸ்பாலில் அவரை அறைகூவுகிறார். சிஸ்கோவோ, மட்டையைப் பிடிக்கவும் அறியாத தம் சகாக்களையும் நண்பர்களையும் சேர்த்து ‘நைனர்ஸ்’ என்ற அணியைத் திரட்டி, இரண்டே வாரங்களில் அவர்களை ஆட்டக்காரர்களாக்க முனைகிறார். கதை நடக்கும் எதிர்கால உலகில் என்றோ வழக்கொழிந்துபோன ஆட்டமாதலால், ஹோலோசூட் என்ற மாயக் கூடத்தில் மைதானம் நிர்மாணிக்கப்படுகிறது.

அலசி நோக்கினால், இந்த அணியின் முதல் பிழை அதன் தலைவருடைய பிழையே. ஆட்டத்தின் நோக்கம் என்ன என்பதைச் சிஸ்கோ தம் ஆட்களிடமிருந்தே மறைத்துவிடுகிறார். அவர்கள் பொழுதுபோக்காக எண்ணி இறங்கியதை அவர் பழிவாங்கும் காரியமாக நடத்துகிறார். அணியிலேயே மிகவும் திறமையற்றவனும், தன் மகன் நோக்குடன் சேர்ந்து ஆட வேண்டும் என்ற ஆசை ஒன்றுக்காகவே வந்தவனுமான ரோமை அவர் கடுஞ்சொல் கூறி வெளியேற்றுகிற இடத்தில் அந்த மனப்பான்மை உச்சத்தை எட்டுகிறது. மற்றவர்கள் அவனுக்காக விலகத் துணிகிறார்கள். ரோம்தான் அவர்களைத் தடுத்து ஆடச் சொல்லுகிறான். நாயகனாகிய சிஸ்கோவை இத்தனை அற்பமாகக் காட்டியிருக்க வேண்டாமே என்று வருந்தும் நேயர்கள் உண்டு. என் கருத்தில், இந்த அற்பத்தனம்தான் கதையின் அச்சு. அது இல்லையேல் பிற்பாதியில் அவர் மனம் மாறுவதற்கு இடமே இராது.

ஆட்டத்தில், நியாயம் ஒன்றையே தெய்வமாகக் கொண்ட காவலதிகாரி ஓடோ நடுவராக நிற்கிறார். அவருடைய தீர்ப்பை எதிர்த்து வாதாடிய வேகத்தில் அவரைத் தொட்டுவிட்ட குற்றத்துக்காகச் சிஸ்கோ மைதானத்தை விட்டே அனுப்பப்படுகிறார். பார்வையாளர் வரிசையில் போய் அமர்ந்தபோதுதான், வெளியேற்றப்பட்ட ரோம் அங்கே உட்கார்ந்து சற்றும் மனக்கசப்பின்றி அணியை ஊக்குவித்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படுகிறது. இறுதிக் கட்டத்தில் ரோம் மட்டையுடன் நிறுத்தப்படுகிறான். சிஸ்கோ காட்டும் சைகைகள் எதுவும் புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும்போது, பந்து தானாகவே வந்து மட்டையில் பட்டு மெல்ல உருளுகிறது. மூன்றாம் தளத்தில் காத்திருந்த நோக் ஓடிவந்து அணியின் ஒரே ரன்னைச் சேர்க்கிறான். பேஸ்பாலில் ‘பண்ட்’ என்பது பந்தை வேண்டுமென்றே மெதுவாகத் தட்டிவிடும் நுட்பமான அடி. ரோம் அதைத் தற்செயலாகவே சாதித்துவிடுகிறான். அவ்வளவுதான் வெற்றி. இல்லாத வெற்றி ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கிக்கொள்கிறீர்கள் என்று பின்னர் ஸோலோக் பரிகசிக்க, அந்தப் பரிகாசத்தையே வாழ்த்தாக மாற்றிக்கொண்டு தோற்றவர்கள் கிண்ணத்தை உயர்த்துகிறார்கள்.

ஆட்சேபணைகளுள் தலையாயது, யுத்தம் நடக்கையில் விளையாட்டா என்பது. நிலையத்தின் முக்கியஸ்தர்கள் அனைவரும் மைதானத்தில் இறங்கிவிட்டால் போரை யார் நடத்துவது என்று கேட்பதில் தருக்கம் இருக்கிறது. ஆனால் அந்தத் தருக்கம் தொடரின் முழுப் போக்கையும் கணக்கில் கொள்ளவில்லை. பேஸ்பால் இந்தத் தொடருக்குள் அன்று புதிதாக நுழைந்ததல்ல. 1993-இல் வெளியான முதல் அத்தியாயத்திலேயே, காலம் என்றால் என்னவென்று அறியாத அதிசய ஜீவிகளுக்கு, அடுத்த பந்து எப்படி வரும் என்பது தெரியாததே மனித வாழ்வின் இயல்பு என்று சிஸ்கோ விளக்கியது பேஸ்பாலைக் கொண்டுதான். 1997-இல் நிலையத்தை எதிரியிடம் விட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது, தாம் திரும்பி வருவது உறுதி என்பதற்கு அறிகுறியாக அவர் மேஜைமேல் வைத்துச் சென்றதும் ஒரு பேஸ்பால் பந்தே. ஆறு பருவங்களாகச் சின்னமாக மட்டும் இருந்து வந்த ஒன்று ஏழாவது பருவத்தில் ஆட்டமாகவே ஆடப்படுவதைக் கதைக்குப் புறம்பானது என்று சொல்லுவது எவ்வாறு?

அன்றியும், இந்தச் சிரிப்புக்குப் பின்னால் வந்தது என்ன என்பதையும் நோக்க வேண்டும். நான்கு அத்தியாயங்கள் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், ‘த ஸீஜ் ஆஃப் ஏஆர்-558’ என்ற கொடிய போர்க்கதை வெளிவந்தது. அதில் நோக் ஒரு காலை இழக்கிறான். ஒரு மாதத்துக்கு முன்தான், மைதானத்தில் அணியின் ஒரே ரன்னுக்காக ஓடிவந்தவன் அவன். ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே திட்டமிட்டார்களா என்ற ஆராய்ச்சி நமக்கு அவசியமில்லை. வரிசையாகப் பார்த்து வருகிற நேயனுக்கு அந்த இழப்பின் பாரம் இரட்டிப்பாவது மட்டும் நிச்சயம். கேளிக்கை அத்தியாயத்தைத் தாண்டிச் சென்றவன் அந்தப் போர்க்கதையிலும் ஒரு பகுதியை இழந்தவனாகிறான்.

வல்கன்களைப் பற்றிய இரண்டாவது ஆட்சேபணை இதைவிட வலுவானது. தருக்கத்தையே வாழ்க்கை நெறியாகக் கொண்ட ஓர் இனத்தவர், வேறொரு இனத்தின் மறைந்துபோன விளையாட்டை, ஒரு மனிதரை அவமானப்படுத்துவதற்காக மட்டும் கற்றுத் தேறி வருவது எந்தத் தருக்கத்தில் சேரும்? ஸோலோக் ஒருவரைப் பொறுத்தவரை ஆசிரியர் ரொனால்ட் டி. மூர் சமாதானம் சொல்லியிருக்கிறார்: தருக்கம் என்ற போர்வைக்குள் கர்வம் ஒளிந்திருக்கிறது. ஆனால் அவருடைய அணியிலுள்ள மற்றவர்களுக்குத் தனி முகமோ, தனி மனமோ இல்லை. அவர்கள் ஆட்டத்தை ரஸித்தார்களா, வெறுத்தார்களா, தலைவரின் கட்டளைக்குப் பணிந்து நின்றார்களா என்பதை நாம் அறியவே முடிவதில்லை. விளையாட்டுக் கதைக்கு எதிரணியின் பலம் மட்டும் போதாது, அதற்கு ஓர் உள்ளமும் வேண்டும். இல்லையேல் நம்மவர்கள் மோதுவது ஒரு சுவரோடுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அத்தியாயத்தின் மிகச் சிறந்த ஹாஸ்யக் காட்சி பிறப்பதே இந்தக் குறையிலிருந்துதான். இறுதித் தளத்தைத் தொடாமல் ஓடிவிட்ட வல்கன் ஒருவனைக் கண்டுபிடித்துப் பந்தால் தொட வேண்டும்; அவனோ தன் அணியினரோடு போய் உட்கார்ந்துவிட்டான்; எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக உணர்ச்சியற்று அமர்ந்திருக்க, நோக் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போகிறான். வல்கன்களுக்கு முகம் கொடுத்திருந்தால் இந்தச் சிரிப்பு இல்லை. சிரிப்பு வேண்டுமென்றால் முகம் இல்லை. ஆசிரியர் சிரிப்பைத் தேர்ந்தார்; அதற்குரிய விலையைப் பாதி நேயர்களின் அதிருப்தியாகச் செலுத்தினார்.

ஆட்ட நாயகன் யார் என்று கேட்டால், ரோமாக நடித்த மாக்ஸ் க்ரோடென்சிக்கையே தயங்காமல் சொல்லுவேன். நடிகர் கூட்டத்திலேயே பேஸ்பாலில் உண்மையான தேர்ச்சி பெற்றவர் இவர். அணியிலேயே படுமோசமான ஆட்டக்காரனாக நடிக்க வேண்டியிருந்தவரும் இவரே. வலக்கையால் ஆடினால் தேர்ச்சி எப்படியும் வெளிப்பட்டுவிடும் என்பதால், இடக்கை ஆட்டக்காரராகவே மாறி ஆடினார். தெரியாதவன் தெரிந்தவன்போல் நடிப்பதற்குத் துணிச்சல் போதும். சுருதி சுத்தமான பாடகன் சபையறிய அபஸ்வரம் பாடுவதற்கோ, பழகிய உடம்பின் ஒவ்வொரு நரம்பையும் எதிர்த்து நிற்கும் கட்டுப்பாடு வேண்டும். பந்து வருகையில் ரோமின் தோள்கள் கூசிச் சுருங்குவதையும், மட்டை எப்போதும் பந்துக்கு ஒரு கணம் முந்தியோ பிந்தியோ சுழல்வதையும் கவனித்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சாதனையின் அருமை புலப்படும். அசட்டுத்தனமான ஹாஸ்யம் என்று இதை ஒதுக்குகிறவர்கள், அந்த அசட்டுத்தனத்தை உண்டாக்கத் தேவைப்பட்ட வித்தையைக் காணத் தவறிவிட்டார்கள்.

இலேசான அத்தியாயங்கள் நேயர்களை ஏன் இவ்வாறு பிரிக்கின்றன என்பதற்குப் பொதுவான காரணம் ஒன்றும் உண்டு. ‘ஸ்டார் டிரெக்’ மூலத் தொடரில் 1967 டிசம்பரில் வந்த ‘த டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ சிரிப்புக் கதைதான். ஆனால் அந்நாளில் ஒவ்வொரு வாரக் கதையும் தனித்தனியே முடிந்துவிட்டதால் அது வேறெதையும் தடுத்து நிற்கவில்லை. தொடர்கதையாக ஓடும் யுத்தத்தின் நடுவே வந்த பேஸ்பாலோ, வழியை மறித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. அப்போதும் ஆண்டுக்கு 26 அத்தியாயங்கள் இருந்தன. ஒன்று பிடிக்காவிட்டால் மற்றவற்றைக் கொண்டு சமாதானம் அடையலாம். இக்காலத்தில் ‘ஸ்டிரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ போன்ற ஸ்டார் டிரெக் தொடர்கள் ஒரு பருவத்துக்குப் பத்தே அத்தியாயங்களோடு நின்றுவிடுகின்றன. 2023-இல் அத்தொடர் ‘ஸப்ஸ்பேஸ் ராப்ஸடி’ என்ற பெயரில் பாத்திரங்கள் எல்லாரையும் பாட வைத்தபோது, ஆனந்தித்தவர்களோடு முணுமுணுத்தவர்களும் இருந்ததில் ஆச்சரியமில்லை. அவர்களுடைய கணக்கில் பருவத்தின் பத்தில் ஒரு பங்கு பாட்டில் போய்விட்டது.

ஆகையால், இரு கட்சியாரின் வாதத்தையும் எடைபோட்டுப் பார்க்குமிடத்து, இந்த அத்தியாயத்தின் பெருமை அது தோல்வியைத் தோல்வியாகவே விட்டுவைத்த நேர்மையில் இருக்கிறது என்று கூறுவேன். நூற்றுக்கணக்கான விளையாட்டுக் கதைகளில் போலக் கடைசிப் பந்தில் அதிசயம் நிகழ்ந்து ஒன்பது ரன் குறையும் நிரம்பியிருந்தால், அது சிரிக்கவும் தகாத பொய்யாகியிருக்கும். நைனர்ஸ் ஆட்டத்தில் வெல்லவில்லை. தங்கள் தலைவரைப் பழியுணர்ச்சியிலிருந்து மீட்டார்கள். அதற்கு ஒரு ரன் போதுமாயிருந்தது. குறை, மைதானத்தின் மறுபாதியில் இருக்கிறது. எதிரணியில் இன்னும் ஒருவருக்காவது ஆசிரியர் முகம் கொடுத்திருப்பாரானால், ஆட்சேபித்தவர்களில் பாதிப் பேராவது இந்தப் பக்கம் வந்திருப்பார்கள். மீதிப் பேரை எந்த ஹாஸ்யமும் வசப்படுத்தியிராது; அவர்கள் அந்த வாரம் கேட்டது யுத்தம், கிடைத்ததோ ஆட்டம்.