திரும்பப் படி

'கடவுளைக் கூப்பிட்டுத் திரும்பப் படி (2).'

நண்பன் ஒருவன் ஏ4 தாளில் கையால் கட்டம் போட்டு, படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலம் ஏழாவது குறிப்பு இது. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்தெண்ணிக்கை. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். ஒன்றரை மணிக்கு மற்ற எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, இந்த இரண்டு எழுத்து மட்டும் வரவில்லை. மேலிருந்து இறங்கும் சொல் இரண்டாம் எழுத்து 'சி' என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. கடவுள், 'சி'யில் முடிகிறது என்றதும் 'காசி' என்று எழுதினேன். 'படி'க்கு அங்கே வேலை இல்லையே என்று அழித்தேன். பிறகு மறுபடியும் அதையே எழுதினேன்.

நான் சிக்கியதற்குக் காரணம் அந்த வாக்கியம் அவ்வளவு இயல்பாக இருந்ததுதான். அரியர் வைத்த பையனிடம் அம்மா சொல்லும் வாக்கியம் அது. சாமியைக் கும்பிட்டுவிட்டு மறுபடி படி. அந்த அம்மாவின் குரல் காதில் விழுந்துகொண்டிருக்கும் வரை விடை வராது. குறிப்பு மறைப்பதே அந்தக் குரலை வைத்துத்தான்.

வார இதழ்களின் குறுக்கெழுத்தில் 'ஒரு பறவை (3)' என்று இருக்கும், நாமும் கிளியா மயிலா என்று எண்ணிப் பார்ப்போம். இது வேறு வகை. இதில் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு துண்டு. ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மிச்சம் முழுக்க அந்த விடையை எழுத்தெழுத்தாகச் செய்யும் முறை. இரண்டையும் ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் ஒரே வாக்கியமாக ஆக்க வேண்டும். இங்கே 'படி' நேர்ப்பொருள். படி என்றால் வாசி. கடவுளை, அதாவது சிவனைக் கூப்பிட்டால் 'சிவா'. அது திரும்ப, 'வாசி'.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 'திரும்ப' என்ற சொல். மேலே 'மறுபடியும்' என்று நிற்கிறது, அடியில் 'தலைகீழாகத் திரும்பி' என்று வேலை செய்கிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 'கூப்பிட்டு' அதைவிட நுட்பம். வெறும் 'கடவுள்' என்று மட்டும் இருந்திருந்தால் சிவன், சிவம் என்றுதான் கிடைத்திருக்கும், அதைத் திருப்பினால் எந்தச் சொல்லும் ஆகாது. கூப்பிட்டதால்தான் 'சிவா'. எட்டாம் வேற்றுமைக்குப் பரீட்சைத் தாளுக்கு வெளியே ஒரு வேலை கிடைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதே தாளில் ஒரு தோல்வியும் இருந்தது. 'தலை போன குதிரையை மறைக்கும் துணி (2).' குதிரையின் தலையெழுத்தை எடுத்தால் 'திரை'. படம் கண்ணில் தெரிகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த 'யை' யாருடையது? நேர்ப்பொருளுக்கும் அது தேவையில்லை, சொல் செய்வதற்கும் தேவையில்லை. வாக்கியம் ஓடுவதற்காக நடுவில் திணித்த ஆப்பு. ஆங்கிலத்தில் சொற்கள் உருபில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொள்ளும், தமிழில் வேற்றுமை உருபு வந்து ஒட்டிக்கொள்கிறது, என்ன பண்றது என்பது அவன் கட்சி. அந்த உருபுக்கும் ஒரு வேலை கொடு என்பது என் கட்சி. ஏழாவதில் கொடுத்திருந்தானே! 'கடவுளை' என்பதில் உள்ள 'ஐ'யை எடுத்தால் கூப்பிடவே முடியாது.

இந்தக் கறார்த்தனம் என்னுடையது அல்ல. லண்டனின் 'அப்சர்வர்' இதழில் புதிர் போட்டவர்களிடமிருந்து வந்தது. முதலாமவர் டார்க்கிமாடா என்ற பெயரில் எழுதினார். அடுத்தவர் சிமெனெஸ். இரண்டும் ஸ்பானிய மதவிசாரணையின் தலைவர்களுடைய பெயர்கள். 1972இல் வந்த மூன்றாமவர் டேசா என்ற இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரை எழுத்துமாறித் திருப்பி 'அஸெட்' என்று வைத்துக்கொண்டார். சித்திரவதை என்பதைத் தொழில் தர்மமாகவே ஏற்றுக்கொண்ட பரம்பரை! ஆனால் சட்டம் வகுத்தவரும் சிமெனெஸ்தான். 1966இல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அதன் சாரத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: வாசகனைத் திசைதிருப்பலாம், பொய் சொல்லக்கூடாது. ஒரு அசைகூடச் சும்மா இருக்கக்கூடாது.

தமிழில் இதைச் செய்வது வேறு விதமான கஷ்டம். ஆங்கிலக் கட்டத்தில் ஒரு பெட்டிக்கு 26இல் ஒன்று, நமக்கு 247இல் ஒன்று. குறுக்கே ஒரு எழுத்து கிடைத்தாலே பாதி வழி வந்துவிடும், எனவே போடுபவன் இன்னும் ஆழமாக ஒளிக்க வேண்டும். ஒளிக்கவும் இலக்கணம் விடாது. உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். அதனால் 'அரசு', 'இரவு' போன்றவற்றை வேறொரு சொல்லின் வயிற்றுக்குள் பதுக்க முடியாது. மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் மெய்யில் தொடங்கும், தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை. 'மரம்', 'கடல்' எல்லாம் அந்தக் கணமே ஆட்டத்திலிருந்து வெளியே. மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கே ஆட்டவிதி.

அந்த நெருக்கடிக்குள் இப்படி ஒன்று அமைந்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது: 'கலங்கிய காவிரி ஓர் ஆண்டு (3).' கா, வி, ரி மூன்றையும் கலக்கினால் 'விகாரி'. அறுபது தமிழ் ஆண்டுகளில் 33ஆவது, கடைசியாக 2019 ஏப்ரலில் பிறந்தது. 'கலங்கிய' என்பது ஆற்றுக்கும் பொருந்துகிறது, எழுத்துக்கும் பொருந்துகிறது. 'ஓர் ஆண்டு' கொஞ்சம் தளர்வான நேர்ப்பொருள் என்று குறை சொல்லலாம். நான் சொல்லமாட்டேன்.

இதையெல்லாம் இலக்கிய இதழில் பேசலாமா என்று கேட்பவர்களுக்குத் தண்டியலங்காரத்தின் சொல்லணிப் பகுதியைத்தான் காட்டுவேன். திருப்பிப் படித்தாலும் அதுவே வந்தால் மாலைமாற்று. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச் சொல் செய்தால் எழுத்து வருத்தனம், குறைத்துக் குறைத்துச் செய்தால் அக்கரச்சுதகம். ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளித்தால் கரந்துறை செய்யுள். வினாவுத்தரம் அப்படியே நம் குறிப்புதான். திருமகள், 'போ' என்ற ஏவல், கணை, அழகு என்று நான்கு வினா கேட்டு திரு, ஏகு, அம்பு, அம் என்று விடைகளை வாங்கி, கடைசியில் சிவன் உறையும் இடம் எது என்றால் நான்கும் சேர்ந்து 'திருவேகம்பம்' என்று நிற்கிறது. தலைகுனிந்த அந்தக் குதிரையும் அக்கரச்சுதகத்தின் பேரன்தான்.

ஆனால் சித்திரக்கவியை நவீன வாசகன் ஒதுக்கியதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அதில் பெரும்பகுதி உரை இல்லாமல் நகராது, வித்தைக்காக மேல்பொருளைப் பலிகொடுத்துவிடுகிறது. காளமேகத்திடம் அந்தக் குறை இல்லை. ஆனால் அவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை என்றால் இரண்டையும் நமக்கு முதலிலேயே தெரியும், பொருத்திப் பார்ப்பது மட்டும்தான் நம் வேலை. நல்ல குறிப்பு ஒன்றைத்தான் காட்டும். இரண்டாவது ஒன்று இருக்கிறது என்று சந்தேகப்படுவதே வாசகனின் பங்கு.

வெறும் வித்தை, இதயம் கிடையாது என்ற குற்றச்சாட்டுக்கு 'கார்டியன்' இதழில் அரௌக்காரியா போட்ட ஒரு புதிரை நினைத்துக்கொள்வேன். ஜான் கிரஹாம் என்ற பாதிரியாரின் புனைபெயர் அது. 2013 ஜனவரியில், 91ஆவது வயதில், இன்னின்ன எண்ணில் உள்ளது தனக்கு இருக்கிறது, இன்னின்ன எண்ணில் உள்ளது கொடுக்கிறார்கள் என்று புதிரின் தலையில் ஒரு வரி போட்டார். நிரப்பியவர்களுக்குப் புற்றுநோய், உணவுக்குழாய், வலிதணிப்புச் சிகிச்சை என்ற சொற்கள் கிடைத்தன. தங்கள் பேனாவாலேயே அந்தச் செய்தியை எழுதிக்கொண்டார்கள். அந்த நோய்க்கான குறிப்பு ராசியையும் வளர்ச்சியையும் வைத்துச் செய்தது. ஆங்கிலத்தில் கடக ராசிக்கும் அந்த நோய்க்கும் ஒரே பெயர். அதே ஆண்டு நவம்பரில் இறந்தார்.

நண்பனின் தாளில் மேலிருந்து கீழ் நான்காவது: 'பாம்பு குடியிருக்கும் நோய் (3).' ஐந்து நொடியில் 'புற்று' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனவன் நான். அவன் அப்பாவுக்குக் கீமோ ஏறும் நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அந்தக் கட்டங்களைப் போட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதும்போது உறைக்கவில்லை.

மறுநாள் போன் பண்ணி, ஏழாவது பிரமாதம், குதிரை தேறாது என்றெல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன்.

"நாலாவது போட்டே ஆகணுமாடா?"

"நடுவுல 'ற்', கடைசியில 'று' வந்து மாட்டிக்கிச்சுடா. வேற என்ன போட முடியும்?"

"காற்று, நாற்று, ஊற்று, நேற்று... எவ்வளவோ இருக்கே."

"ஆமா. 'காற்று' போட்டிருக்கலாம்" என்றான்.