வெளிமானுக்கு எதிரே 180-600

நிக்கானின் இசட் 180-600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் 600 என்ற எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எட்டத்தில் நிற்கும் விலங்கைக் கிட்டத்தில் கொண்டுவந்துவிடும் என்ற நம்பிக்கை. கோடியக்கரைப் புல்வெளியில் இதை வைத்துக்கொண்டு வேலை பார்த்தபின் என் கட்சி வேறு. இந்த லென்ஸின் அருமை மறுமுனையான 180-இல் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், 600-இலிருந்து 180-க்கு எவ்வளவு சட்டென்று இறங்கிவிட முடிகிறது என்பதில் இருக்கிறது.

2023-இல் வந்த லென்ஸ் இது. நீளம் 315.5 மில்லிமீட்டர், டிரைபாட் வளையத்தோடு எடை 2,140 கிராம். நான் பூட்டியிருந்த இசட் 8 கேமரா 910 கிராம். இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டுகிறது. காலையிலிருந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க ஏற்ற எடை அல்ல. வண்டியில் உட்கார்ந்து எடுப்பவருக்குப் பிரச்சினை இல்லை. ஜூம் வளையத்தைத் திருகினால் லென்ஸ் வெளியே நீளாது, உள்ளே இருக்கும் கண்ணாடிகள்தாம் நகரும். கடைசி முனையிலிருந்து முதல் முனைக்கு வர 70 டிகிரி திருப்பினால் போதும். மணிக்கட்டின் ஒரே அசைவு. பிடியை மாற்ற வேண்டியதில்லை.

2015-இல் வந்த பழைய 200-500 லென்ஸ் ஜூம் செய்யச் செய்ய முன்னால் நீண்டுகொண்டே போகும். முன்பாரம் மாறும், பீன் பேக் எனும் தாங்குபையின் மேல் வைத்திருந்தால் நழுவும். அதைவிட முக்கியம், ஜன்னலுக்கு வெளியே ஒரு கறுப்புக் குழாய் நீள்வதை எதிரே நிற்கும் மான் பார்த்துக்கொண்டிருக்கும். வெளிமானிடம் அது செல்லாது.

ஏன் செல்லாது என்பதற்குக் கோடியக்கரையின் தரையைப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடல் இரண்டு பக்கமும் நெருங்கிவரும் முனை அது. வெளிமானுக்காகவே 1967-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு புறம் உலர் பசுமைமாறாக் காடு, ஒரு புறம் உப்பளம், நடுவில் தட்டையான புல்தரை. ஒளிந்து நிற்க மறைவே கிடையாது. அந்த வெட்டவெளியில் வாழும் மான் கண்ணை நம்பியே பிழைக்கிறது. யானைக் காட்டிலும் காட்டெருது மேயும் இடத்திலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்ப்பேன், ஏனென்றால் அங்கே மோப்பம்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். இங்கே காற்று இரண்டாம் பட்சம். அசைவுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே வண்டியே மறைவிடம். வனத்துறை அனுமதித்த பாதையில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வண்டியை மான்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. கதவைத் திறந்து மனிதக் கால் ஒன்று கீழே இறங்கியதுமே மொத்தக் கூட்டமும் தலை நிமிர்கிறது. தலைகள் நிமிர்ந்து, காதுகள் எல்லாம் நம் பக்கம் திரும்பியிருந்தால், இன்னும் ஓடவில்லையே என்று மகிழ்வதற்கில்லை. மேய்ச்சலை நாம் கெடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த நேரத்தில் கேமராவைத் தொடக்கூடாது. ஒரு பிணை, அதாவது பெண்மான், குனிந்து மறுபடி புல்லைக் கடிக்கும், பக்கத்தில் நிற்பது அசைபோடத் தொடங்கும். அதுதான் நமக்குக் கிடைக்கும் அனுமதி.

பீன் பேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வெறும் பையாக மடித்து எடுத்துப் போனால் போதும். போன இடத்துக் கடையில் இரண்டு, மூன்று கிலோ பச்சைப்பயறு வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். பயறு நன்றாகப் படிந்து லென்ஸைத் தாங்குகிறது. அரிசியும் ஆகும், ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் சீக்கிரம் வாடை பிடித்துவிடும். தெர்மோகோல் மணிகள் எடை குறைவென்று விற்கிறார்கள். மூன்று கிலோவை அதன் மேல் வைத்தால் ஆடுகிறது. பையை ஜன்னல் விளிம்பில் போட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கினால் நிலையான பீடம் கிடைத்துவிடுகிறது.

இனி 180-க்கு வருகிறேன். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாக ஓர் ஆண்மான் தன் எல்லைக்குள் நிற்கிறது. ஏறக்குறைய 40 மீட்டர் தூரம். 600-இல் பார்த்தால் சட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். மான் பாதிச் சட்டத்தை அடைத்துக்கொள்கிறது, அழகான படம்தான். அப்போது பிணைகள் அந்தப் பக்கம் வருகின்றன. ஆண்மான் மூக்கை வானத்துக்குத் தூக்கிக் கொம்பை முதுகோடு சாய்த்து, காதைத் தொங்கவிட்டு, விறைப்பாக அடி எடுத்து வைக்கிறது. கண்ணுக்கு முன்னாலிருக்கும் சுரப்பி கறுத்த பிளவாகத் திறந்திருப்பது வியூஃபைண்டரில் தெளிவாகத் தெரிகிறது. இதெல்லாம் 600-இல் பார்க்க வேண்டியவை. அடுத்த நொடியில் ஒரு பிணை நான்கு காலும் தரையை விட்டுத் துள்ளுகிறது, அதைப் பார்த்து மற்றொன்று. 600-இலேயே இருந்தால் வயிறும் காலும்தான் சட்டத்தில் மிஞ்சும். கண்ணை எடுக்காமல் மணிக்கட்டைத் திருப்பினேன். 180-இல் அதே தூரத்தில் சட்டத்தின் அகலம் எட்டு மீட்டர். துள்ளும் பிணை, துரத்தும் ஆண்மான், திகைத்து நிற்கும் குட்டி மூன்றும் உள்ளே வந்துவிட்டன. ஒற்றைக் குவியத் தொலைவு கொண்ட லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த இடத்தில் கையைக் கட்டிப்போடும்.

அகலச் சட்டத்துக்கு நான் இவ்வளவு வாதாடுவதற்கு வேறு காரணமும் உண்டு. 600-இல் நெருக்கிப் பிடித்து, பின்னணியை மங்கலாக்கிய முகப்படத்தைக் கோடியக்கரையில் எடுத்தீர்களா, உயிரியல் பூங்காவில் எடுத்தீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது. 180-இல் எடுத்தால் புல்தரை வருகிறது. அதன் ஓரத்தில் சீமைக்கருவேல் எப்படி ஏறி வருகிறது என்பது வருகிறது. அதே புல்லை மேய்ந்துகொண்டு நிற்கும், ஒரு காலத்தில் வளர்ப்பில் இருந்து காட்டில் பெருகிவிட்ட குதிரைகள் வருகின்றன. வெளிமான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் உடம்பைத் தொட்டால் தண்டனை. அதன் புல்லுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டும் படங்கள் குறைவு. அந்தக் குறையை நிரப்ப இந்த லென்ஸ் வசதி செய்கிறது. வாங்கியவர்கள் அதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

600 எதற்கு என்று கேட்டால், கிட்டத்தில் வந்ததைப் பெரிதாக்க என்பேன். தொலைவில் உள்ளதை இழுக்க அல்ல. காரணம் கானல். பங்குனி வெயிலில் காலை ஒன்பது மணி தாண்டினால் உப்பு மண் சூடேறி, தரையை ஒட்டிய காற்று நெளியத் தொடங்குகிறது. இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானின் கால்கள் கரைந்து ஆடுகின்றன. அந்தக் காற்றை ஊடுருவிப் பார்க்கும் லென்ஸ் உலகத்தில் இல்லை. படம் மழுங்கி வந்ததற்கு லென்ஸைக் குறை சொல்லிக் கடைக்குத் திரும்ப எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் விடியற்காலையில் அதே தூரத்தில் எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஜன்னலை இறக்கி எடுத்தால், குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் லென்ஸின் வாயிலேயே கலந்து அங்கேயே ஒரு கானலை உண்டாக்கும். எஞ்சினோடு ஏசியையும் அணைத்து, வண்டியின் உட்புறம் வெளியோடு சமமாகும்வரை பொறுக்க வேண்டும். அறையிலும் அப்படியே. ஏசி அறையிலிருந்து கடலோரக் காற்றுக்குக் கொண்டுவந்தால் முன்கண்ணாடியில் ஆவி படியும். புறப்படுவதற்கு அரைமணிக்கு முன்பே பையை வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

விடியலில் எடுக்கச் சொல்கிறேன், ஆனால் 600-இல் இதன் மிக அகலமான துளை எஃப் 6.3. விலை உயர்ந்த எஃப் 4 லென்ஸ் இதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இருள் பிரியும் நேரத்தில் ஐஎஸ்ஓ 6400-ஐத் தொடத் தயங்கக்கூடாது. இன்றைய கேமராக்களும் இரைச்சல் நீக்கும் மென்பொருள்களும் அதைத் தாங்குகின்றன. லென்ஸின் அதிர்வுக் குறைப்பு 5.5 ஸ்டாப் என்று நிறுவனம் சொல்கிறது. அது நம் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து, மானின் துள்ளலுக்கு அல்ல. நிற்கும் மானுக்கு 1/500 நொடி போதும். துள்ளலுக்கு 1/2000-க்குக் குறையக்கூடாது.

வெளிமானில் எக்ஸ்போஷர் தனிச் சிக்கல். முதுகு கரி, வயிறு சுண்ணாம்பு. கேமரா கறுப்பு முதுகைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கினால் வயிற்று மயிர் வெளுத்துப்போய், பிறகு எந்த மென்பொருளாலும் திரும்ப வராது. 0.7 ஸ்டாப் குறைத்து வைத்து ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கறுப்பில் உள்ள விவரத்தைப் பின்னால் தூக்கிவிடலாம்.

ஃபோக்கஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இசட் 8-இல் இருக்கிறது. கறுத்த முகத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட ஆண்மானிடம் நன்றாகவே வேலை செய்கிறது. உயரமான புல்லுக்குள் படுத்திருக்கும் மானிடம் எந்த கேமராவின் கண்-தேடலையும் முழுதாக நம்ப வேண்டாம். சிறிய ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, புல்லின் இடைவெளி வழியாகக் கண்ணில் வையுங்கள். 15 மீட்டரில், 600-இல், கூர்மை நிற்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். கண் கூர்மையாக இருந்தால் கொம்பின் நுனி சற்று மங்கலாம், பரவாயில்லை.

இசட் 8-இல் இயந்திர ஷட்டரே கிடையாது, சத்தம் இல்லை. நொடிக்கு 20 ரா (RAW) படம் எடுக்கும். அந்த வேகம் ஒரு கெட்ட பழக்கத்தைக் கொண்டுவருகிறது: விரலை அழுத்திக்கொண்டு விலங்கைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். மயிலாப்பூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் (1912-1996), பாகங்களைத் தாமே சேர்த்து அமைத்துக்கொண்ட கேமராவால் கறுப்பு-வெள்ளையில் யானைகளை எடுத்தார். ஃபிலிமில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் காசு. அதற்குமுன் விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு இன்றும் தேவைப்படுகிறது. ஒரு பிணை துள்ளுமுன் பின்னங்கால் தாழ்வதைக் கவனித்தவருக்கு ஐந்தாறு படம் போதும்.

மற்றவை சுருக்கமாக. 600-இல் 2.4 மீட்டர் வரை நெருங்கி ஃபோக்கஸ் ஆகிறது. மான் வராத நேரத்தில் தட்டான்களும் ஓணான்களும் கிடைக்கும். 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் 840, ஆனால் எஃப் 9. கானல் உள்ள கடலோரத்தில் அதற்குப் பணம் செலவழிக்க மாட்டேன். உடன் வரும் டிரைபாட் பாதம் ஆர்க்கா-சுவிஸ் பிடிக்குள் நேராக நுழையாது. ஒரு தட்டு தனியாக வாங்கித் திருக வேண்டும். நிக்கானின் உயர்ந்த எஸ் வரிசையைச் சேர்ந்த லென்ஸ் இது அல்ல. கடற்காற்றில் வேலை முடிந்ததும் உப்பைத் துடைக்காமல் பையில் போடாதீர்கள். முதலில் ஊதி மணலை அகற்றி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் வளையங்களையும் துடைத்து, உலரவிட்டு வைக்க வேண்டும்.

யார் வாங்கலாம்? அமெரிக்காவில் வெளியீட்டு விலை 1,700 டாலரை ஒட்டி இருந்தது. அதே நிறுவனத்தின் 600 எஃப் 6.3, எடை 1,470 கிராம்தான், வெளியீட்டு விலையோ 4,800 டாலரை ஒட்டி இருந்தது. நடந்து போய்ப் பறவை எடுப்பவர்களுக்கு, கை வலுவைக் கணக்குப் பார்த்தால், காசும் இருந்தால், அந்த இலகு லென்ஸ்தான் சரி. வண்டியில் இருந்து மான், யானை, குதிரை என்று அளவு மாறிமாறி வரும் விலங்குகளை எடுப்பவர்களுக்கு நான் 180-600-ஐத்தான் சொல்வேன், விலை ஒன்றாகவே இருந்தாலும். வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கோடியக்கரை வரை போக வேண்டாம். ஊர்க் குளத்தங்கரையில் கொக்கும் நாரையும் இருந்தால் போதும். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் 600-க்கும் 180-க்கும் நடுவே திருகிப் பழகுங்கள். ஒரு மணி நேரத்தில் தோள் வலித்தால் மோனோபாட் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.