விண்கல் மழைக்கு நிக்கொன் எஃப்எம்2

விண்கல் மழையைப் படம்பிடிக்க 1982இல் வெளிவந்த நிக்கொன் எஃப்எம்2 பிலிம் கமரா இன்றும் போதும். சாய்ந்தமருதுக் கடற்கரையில் பயன்படுத்திப் பார்த்த பின் நான் வந்த முடிவு இது. இதன் ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் இயங்குகிறது. பற்றரி ஒளிமானிக்கு மட்டுமே. ‘பி’ நிலையில் வைத்து, பூட்டுள்ள கேபிள் ரிலீஸை அழுத்திவிட்டால் விரும்பிய நேரம்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்.

வில்லை: விண்கல் கண்ணிமைப்பில் கடந்துவிடும். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் அது சட்டகத்தில் விழும் வாய்ப்புத்தான் கூடும். கீற்றின் பிரகாசம் கூடாது. பிரகாசம் வில்லையையும் பிலிமின் வேகத்தையும் பொறுத்தது. குவியத் தூரத்தை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள்: 50 மி.மீ. எஃப் 1.8 வில்லைக்கு 15.4 வரும், 28 மி.மீ. எஃப் 2.8 வில்லைக்கு 3.6தான். அகல வில்லையில் வானம் அதிகம் அடங்கும், மங்கலான விண்கற்கள் தப்பிவிடும். நான் 50ஐயே சொல்வேன். கைமுறை வில்லையின் வளையம் முடிவிலியில் முட்டி நிற்பதால் இருட்டிலும் குவியம் தவறாது.

பிலிம்: இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், வேகம் 400. நீண்ட நேரம் திறந்து வைத்தால் பிலிமின் உணர்திறன் தளரும். இங்கே அந்தக் குணம் பெரிய உதவி. இல்ஃபோர்ட்டின் சூத்திரப்படி, 10 நிமிடம் திறந்திருந்தாலும் வானத்தின் மங்கிய ஒளி சுமார் 2 நிமிட அளவே பதியும்; விண்கல்லோ முழு வேகத்தில் பதியும். கல்முனைப் பக்கத்து விளக்கொளி வானில் படியும் கரைக்கு இது மிகவும் பொருந்தும்.

காலம்: டிசம்பர் 13, 14இல் உச்சம் பெறும் ஜெமினிட்ஸ் வளமானது, ஆனால் நமக்கு அது மாரி காலம். மே 5, 6ஐ ஒட்டி வரும் ஈட்டா அக்குவாரிட்ஸ், ஹேலி வால்நட்சத்திரத்தின் தூசு. செக்கனுக்கு 66 கி.மீ. வேகத்தில் வரும் இவை புறப்படுவதுபோல் தோன்றும் ஊற்றுப்புள்ளி பின்னிரவில் கடலுக்கு மேலே, நம் நேரெதிரே எழும். சுபஹ் வரை எடுக்கலாம். கச்சான் வீசும் ஓகஸ்ட் 12, 13இல் பேர்சிட்ஸுக்கு வடகிழக்கே திருப்புங்கள். 2026இல் அதே நாட்களில் அமாவாசை. பொதுவாகப் பிறை பத்துக்குள் இருந்தால் பின்னிரவு இருட்டாக இருக்கும்.

குறைகள்: பிலிம் நகர்த்தும் நெம்பைச் சற்று வெளியே இழுத்தால்தான் ஷட்டர் பொத்தான் இயங்கும், இருட்டில் இது மறந்துபோகும். கடற்கரை ஈரம் வில்லையில் படியும்; ஒவ்வொரு சட்டகத்துக்குப் பிறகும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வீடு திரும்பியதும் உப்பைத் துடைக்காமல் கமராவைப் பைக்குள் வைக்கக் கூடாது. பிலிம் கழுவும் ஐடி-11 கரைசலை நீர் கலக்காமல் பயன்படுத்தினால் 20 பாகையில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். நம் ஊர்த் தண்ணீருக்கு ஐஸ் கட்டாயம். மிகப் பிரகாசமான விண்கற்களே பதியும், பல சட்டகங்கள் வெறுமையாகவே வரும்.

முடிவு: விடிந்ததும் படத்தைப் பகிர வேண்டுமென்றால் டிஜிற்றலே சரி. பொறுமையாக வானத்தைக் கற்க விரும்புகிறவருக்கு எஃப்எம்2 நல்ல துணை. விலை இடித்தால் பென்டக்ஸ் கே1000 வாங்குங்கள். அதன் ஷட்டருக்கும் பற்றரி வேண்டாம். எதை வாங்கினாலும் ‘பி’ நிலையில் ஷட்டர் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மிஞ்சும் பணத்தை உறுதியான முக்காலிக்குச் செலவிடுங்கள்.