காலடிக்குக் கூலி

சிங்கப்பூரில் 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கருவியும் இல்லை, பரிசும் இல்லை. மற்ற மூன்றுக்கும் காலடி எண்ணும் ஃபிட்பிட் கருவி. அந்த மூன்றில் ஒன்றுக்கு ரொக்கமும் உண்டு: வாரத்தில் 50,000 காலடி எட்டினால் 15 வெள்ளி, 70,000 தாண்டினால் 30. இன்னொன்று நடந்து ஈட்டிய தொகை அறக்கொடைக்குப் போனது.

ஆறு மாதம் ரொக்கக் குழுவே முன்னால் நின்றது. பிறகு பணத்தை நிறுத்தினார்கள். ஓராண்டு முடிவில் அந்தக் குழு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. கருவியை அப்போதும் அணிந்திருந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். எடையோ இரத்த அழுத்தமோ எந்தக் குழுவிலும் தேறவில்லை. 2016இல் வெளியான முடிவு இது. அலுவலக நடைப் போட்டிகள் இதற்குப் பிறகும் ஓயவில்லை.

பரிசு வைத்து ஆளை நடக்க வைக்கவே முடியாது என்பதல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 281 ஊழியர்களுக்கு நாளொன்றுக்கு 7,000 காலடி இலக்கு. நடந்த நாளுக்குப் பணம் தந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரைக் கணக்கில் வைத்து, தவறிய நாளுக்கு 1.40 பிடித்தபோது, இலக்கை எட்டிய நாட்கள் 45 விழுக்காடு. பரிசே இல்லாத குழுவில் 30. பலன் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் அபராதம். சம்பளம் தருபவரே ஊழியரின் காலுக்கும் வருகைப் பதிவேடு வைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

இலக்கின் கதையும் சுவையானது. 10,000 என்ற எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. மூத்த பெண்களைப் பற்றிய 2019 அமெரிக்க ஆய்வில் நாளுக்குச் சுமார் 7,500 காலடிக்கு மேல் இறப்பு அபாயம் மேலும் குறையவில்லை. அலுவலக வயதினருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 10,000 எட்டாதவரைத் தோற்றவராக்கவும் முடியாது.

இவற்றைவிடப் பெரிய கோளாறு, இத்தகைய திட்டங்களில் யார் சேருகிறார்கள் என்பது. இல்லினாய்ப் பல்கலைக்கழகம் தன் ஊழியர் நலத் திட்டத்தைச் சோதித்தபோது, முன்பே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்களே அதிகம் சேர்ந்திருந்தார்கள். நடைப் போட்டியிலும் எப்படியும் நடக்கக்கூடியவருக்குத்தான் கோப்பை. முழங்கால் வலிக்காரர் தரவரிசையின் அடியில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, மறுவாரம் கருவியை மேசைக்குள் போடுகிறார்.

மனிதவளத் துறை என்னைக் கேட்டால், ரொக்கத்தையும் தரவரிசைப் பலகையையும் முதலில் எடுக்கச் சொல்வேன். கருவி, வேண்டுமென்பவருக்கு மட்டும். மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக வேலை நேரத்திலேயே அரை மணி நடக்க விடலாம்; அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.