திங்கட்கிழமைக்காரி

நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். ஆணின் கைக்குப் போனால் சமையலுக்குப் பெயரும் புராணமும் வந்துவிடுகின்றன. தேய்ப்பதற்கு அப்படி ஒரு சொல் இல்லை. ‘பத்துப்பாத்திரம்’ இருக்கிறது, அதன் பக்கத்தில் வரும் வினை எப்போதும் ‘தேய்க்கிறாள்’ என்றே முடியும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைக்கும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2018இல் தொடங்கியது. 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. எனக்கும் பிடித்த சேனல்தான். ஆண்கள் குனிந்து அம்மி அரைப்பதைத் தமிழ்நாடே ரசித்துப் பார்த்தது சின்ன விஷயமில்லை. ஆனால் நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் சாப்பாட்டோடு முடிந்துவிடுகின்றன. அண்டாவின் அடியில் பிடித்தது, கம்பியில் தீய்ந்தது, அள்ள வேண்டிய சாம்பல் எதுவும் படத்துக்குள் வருவதில்லை. கழுவியது யார் என்று நான் கேட்கவில்லை. அரைப்பதை அத்தனை நெருக்கத்தில் காட்டும் கேமரா, தேய்ப்பதைக் காட்சியாகவே எண்ணாதது ஏன் என்பதுதான் என் கேள்வி.

இந்த வீடியோக்களின் தயவில் பாகூர் கொம்யூனில் எங்கள் வீட்டுப் புழக்கடைக்கும் ஒரு பார்பிக்யூ அடுப்பு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கரி மூட்டுவார், விசிறுவார், கோழியைத் திருப்பிப் போடுவார். “இன்னிக்கு அண்ணிக்கு லீவு” என்பார்கள் வந்தவர்கள். கோழியைக் கழுவி, இஞ்சி பூண்டு அரைத்து, மசாலா தடவி ஊறவைத்தது லீவுக்கணக்கில் சேராது போலும்.

கம்பித் தட்டைச் சுத்தம் செய்ய ஏற்ற நேரம் ஒன்றுதான். கோழியை இறக்கியதும், கரியில் கனல் இருக்கும்போதே மூடிபோட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். ஒட்டிய கொழுப்பு கருகி உதிரும் பக்குவத்துக்கு வரும். கம்பி பிரஷால் நாலு இழுப்பு, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி ஒரு தேய்ப்பு, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். (பிரஷின் கம்பி உதிர்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், கறியோடு தொண்டைக்குப் போனால் ஆபத்து.) அந்தப் பத்து நிமிடமும் தீயின் பக்கத்தில் நிற்க வேண்டியவர் சமைத்தவர். அவரோ சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார், பாராட்டு அங்கேதானே கிடைக்கிறது. விடிந்தால் அதே கொழுப்பு ஆறி, மசாலாவோடு இறுகிக் கிடக்கும். குழாயடியில் குந்தி உட்கார்ந்து, சுடுதண்ணீரும் தேங்காய் நாருமாக ஒரு மணி நேரம். நேரம் கூடுவதோடு நிற்பதில்லை. வேலையே அண்ணனிடமிருந்து அண்ணியின் கைக்கு மாறிவிடுகிறது. சாம்பலை அன்றே அள்ளாவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். “துருப்பிடிக்க விட்டுட்டியே” என்ற பேச்சும் திங்கட்கிழமைக்காரிக்குத்தான்.

விறகடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஈரச் சாம்பலையோ மண்ணையோ பூசும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. புகைக்கரி பூச்சில் படியும்; கழுவும்போது பூச்சோடு போய்விடும். சமைக்கிறவளே தேய்க்கவும் வேண்டியிருந்தால் சமையல் இப்படித்தான் தொடங்கும், அடுப்பு மூட்டுவதற்கும் முன்னால்.

2021 ஜனவரியில் வெளியான ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படம் (2023இல் ஆர். கண்ணன் இதைத் தமிழில் எடுத்தார்) இந்த இடத்தில்தான் மற்ற சமையல் படங்களிலிருந்து விலகுகிறது. நறுக்குவதையும் வதக்குவதையும் காட்டிய கேமரா எச்சில் மேசையையும் ஒழுகும் தொட்டிக் குழாயையும் விடாமல் காட்டுகிறது. குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிடச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். கடைசியில் கணவன் மீதும் மாமனார் மீதும் வீசப்படுவது அந்த அழுக்குத் தண்ணீர். ஆண் மறந்துபோன வேலை வாளியில் சேர்ந்து திரும்பி வருகிறது என்றே அந்தக் காட்சியை வாசிக்கிறேன்.

அம்பை இதை முன்பே எழுதிவிட்டார். 1988இல் க்ரியா வெளியிட்ட ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பின் தலைப்புக் கதையை முதலில் வாசித்தபோது, ஜீஜிக்கும் மீனாட்சிக்கும் நடக்கும் கடைசி உரையாடல்தான் என் மனதில் நின்றது. அண்ணியின் குழாயடியைப் பார்த்த பிறகு திரும்ப வாசித்தேன். இம்முறை கண்ணில் பட்டது தொட்டி. ஒரு தட்டுக்கூட அடங்காத சிறிய தொட்டி. கீழே தண்ணீர் தேங்கி, நிற்கிறவளின் பாதம் ஈரத்தில் வெடிக்கும். மீனாட்சி தத்துவம் எதுவும் கேட்கவில்லை. சமையலறைக்கு வெளியே இருக்கும் வராந்தாவை நீட்டி, பாத்திரம் தேய்க்கப் பெரிய தொட்டி கட்டலாமே என்கிறாள். அந்த வீட்டு ஆண்களுக்கு அது புரியவே இல்லை. அவளுக்குப் பதிலாகக் கிடைப்பது துணி காயப்போடக் கூடுதல் கயிறுகள். ஜன்னலில் தெரிந்த மலையையும் ஈரத்துணி மறைத்துவிடுகிறது.

அண்ணி கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை, குழாயடியில் இடுப்புயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை. போன மாதம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் கிரில்லுக்கு மழை உறை.